மிஸ்வாக்குக்குப் பின்னால் ஒளிந்த வாய்

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். எனக்குக் கை கால் ஓடவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு மருமகளுக்கு சீசர் ஒப்பரேசன் என்று டொக்டர் சொன்னதாக நீ போன் பண்ணியதிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து குஷன் கடையில் உட்கார்ந்தேன். ஒரு திரீவீலரின் பின்சீட்டுக்கு உறை தைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பத்தைந்து வருடமாக இந்த அலவத்துகொட கடையில் பஸ்ஸுக்கும் வேனுக்கும் சீட் தைத்த மனுசன், இன்றைக்கு ரெக்சினை உள்பக்கம் வெளியே திருப்பி வைத்து நாலு பக்கமும் தைத்து முடித்துவிட்டேன். கூட வேலை செய்கிற செல்வம் அதைப் பார்த்துவிட்டான். உறையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நீங்க போய் ஒரு மூலையில உக்காருங்க முதலாளி, இன்னைக்கி மெசின் பக்கம் வராதீங்க என்று என்னைத் துரத்தியும் விட்டான். அதனால்தான் கையில் பேனை. உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து, யாரோ கடையில் சாமான் வாங்கச் சொல்வது போல சாதாரணமாகச் சொன்னாய்: “வாப்பா, பிள்ளைக்கு நீங்கதான் பாங்கு செல்லணும்.” பிறந்த பிள்ளையின் வலது காதில் பாங்கும் இடது காதில் தொழுகை தொடங்கச் சொல்கிற இகாமத்தும் சொல்வது. அது இந்த உலகத்தில் கேட்கிற முதல் பேச்சு அல்லாஹ்வின் பெயராக இருக்க வேண்டும் என்று சொல்வது. ஊரில் எத்தனை ஆலிம்கள், எத்தனை நல்ல குரல் உள்ளவர்கள், உன் மாமனாரே ஹஜ் செய்த மனுசன். நீ என்னைக் கேட்டாய். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் சொன்னேன். அவ சமையலறையில் நின்றபடியே இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்டா. நான் இருந்து சாப்பிடக்கூட இல்லை, கடைக்கு வந்தேன், செல்வத்திடம் சொன்னேன், பக்கத்து டயர் கடைக்காரரிடம் சொன்னேன், அதே சந்தோசத்தில் கடைக்குப் பின்னால் ஓடையோரம் போய் ஒரு சிகரட்டைப் பற்றவைத்தேன். முதல் இழுப்பிலேயே எனக்கு உறைத்தது. இந்த வாய்தானா? இந்த வாயைக் கொண்டுபோய்த்தானா அந்தப் பச்சைப் பிள்ளையின் காதோரம் வைக்கப் போகிறேன்?

நான் சிகரட் குடிப்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியும். உம்மாவுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தா. ஊருக்குத் தெரியாது. எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய வெட்கம், அதை இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடித்த புதிதில் பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுத ஒருவர் என் மூச்சுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தேன். மக்காவிலிருந்து வந்த ஒருவர் மிஸ்வாக் குச்சி கொண்டுவந்து தந்திருந்தார். பல் துலக்குகிற குச்சி, நபிகளாரின் சுன்னத். அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். ஓடையோரம் ஒரு சிகரட், உடனே மிஸ்வாக்கால் பல்லையும் நாக்கையும் ஒரு தேய்ப்பு, ஒரு கராம்பு, இரண்டு சொட்டு அத்தர், நேரே பள்ளியில் முதல் சஃப், முதல் வரிசை. நாள் போகப் போக ஊர் என்னை மிஸ்வாக் நானா என்று கூப்பிட ஆரம்பித்தது. ஐந்து நேரமும் பள்ளிக்குள் நுழையும்போது வாயில் குச்சியோடு நுழைகிற மனுசன் வேறு யார் இருந்தான்? ஒருமுறை பள்ளி மௌலவி பயானில், சுன்னத்தை எப்படிப் பேண வேண்டும் என்று நம்ம நானாவைப் பார்த்து இளைஞர்கள் படித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்று நினைத்தார்கள் மகன். அஸ்தஃபிருல்லாஹ்.

பாவத்தை மறைப்பது வேறு, அது எனக்கும் தெரியும். அல்லாஹ் மூடி வைத்ததை நாமே சந்தியில் திறந்து வைக்கக்கூடாது என்றுதான் நமக்குப் படித்துத் தந்திருக்கிறார்கள். ஆனால் நான் செய்தது மறைப்பது அல்ல. ஒரு நல்ல அமலை, நற்செயலை, எடுத்து அதைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டேன். அதன் பலன் என்ன தெரியுமா? சிகரட்டை விட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வராமல் போனது. நாற்றம் அடித்திருந்தால், நாலு பேர் முகம் சுளித்திருந்தால், ஒருவேளை விட்டிருப்பேன். ஊரே பாராட்டிக்கொண்டிருக்கும்போது எதற்கு விடுவது? ஷைத்தான் வந்து கெட்டதைச் செய் என்றுதான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அவன் அப்படி வரவே இல்லை. நல்லதைச் செய், நன்றாகச் செய், எல்லாரும் பார்க்கச் செய் என்றுதான் வந்தான்.

நோன்பு மாதத்தில் என்னுடைய கூத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். விடியுமுன் சஹரிலிருந்து பொழுது சாயும் மஃரிப் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு இழுப்பு சிகரட் இல்லை. தலை இடிக்கும், கை நடுங்கும், தையல் மெசினில் ஊசி இரண்டு தரம் விரலில் ஏறும். ஆனாலும் தொடமாட்டேன், அல்லாஹ்வுக்காக வைத்த நோன்பு. பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சியை மூன்று மிடறில் ஊற்றிக்கொண்டு, எல்லாரும் ஜமாஅத்துக்கு சஃப் கட்டுகிற நேரத்தில் நான் பள்ளிச் சுவருக்குப் பின்னால் நிற்பேன். தொழுகையின் முதல் ரக்அத் எனக்குக் கிடைத்த நோன்பு நாள் ஒன்றுகூட இல்லை என்று நினைக்கிறேன். இதில் வேடிக்கை என்ன என்றால், செல்வம் சிகரட்டை விடச் சொன்னால் என்னால் முடியாது, உடம்பு கேட்காது என்பேன். பதின்மூன்று மணித்தியாலம் கேட்ட உடம்பு, முப்பது நாள் கேட்ட உடம்பு, பதினான்காவது மணித்தியாலம் மட்டும் கேட்காதாம். இந்த முட்டாள்தனம் நோன்பு பிடிக்கிற நம்ம ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடியது. அல்லாஹ் ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் முழுக்க எனக்கு உன்னால் முடியும் என்று செய்து காட்டினான். நான் ஒவ்வொரு பெருநாளுக்கும் அதை மறந்தேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். உனக்குப் பதினாறு வயது. ஓ எல் பரீட்சைக்குப் படிக்கிற வருடம். உன் புத்தகப் பையில் உம்மா எதையோ தேடியபோது ஒரு மிஸ்வாக் குச்சி கிடைத்தது. நான் அன்றைக்கு அடைந்த பெருமையைச் சொல்லி முடியாது. மகனும் நம்ம வழியில் வருகிறான் மாஷா அல்லாஹ் என்று கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன். ஒரு கிழமை கழித்து பின்னேரம் அஸருக்குப் பிறகு ஓடைப் பக்கம் போனேன், வழக்கமாக நான் நிற்கிற இடத்தில் நீ நிற்கிறாய். கையில் சிகரட், காதில் செருகிய மிஸ்வாக். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உன்னை இழுத்து அறைந்தேன். ஒன்றல்ல. உனக்கு உதடு வெடித்தது. அழாமல் என்னைப் பார்த்து நீ கேட்டாய்: “நீங்களும் அதுக்குத்தானே வாப்பா வெச்சீக்கிறீங்க?” அதற்கு நான் பதில் சொன்னேனா? இல்லை, இன்னொரு அறை விட்டேன். பொய் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்காது மகன், நீ உண்மை சொன்னாய், அதனால் அடித்தேன். அடித்த கை சிகரட் நாறியது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் மகன் கெட்டுப் போய்விட்டான் என்று சொன்னேன், யாரிடம் படித்தான் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நமக்குள் சலாம் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்குள் வருவாய், சலாம் சொல்வாய், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாய். நீ கண்டி டவுனில் பாமசி வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். ஆறேழு வருடம். எத்தனையோ தரம் உன்னைக் கூப்பிட்டு அன்றைக்கு நடந்ததுக்கு மாப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, வாய் திறந்து, மழை வரும் போலிருக்கு மகன், குடையைக் கொண்டு போங்க என்று சொல்லி முடித்திருக்கிறேன். இப்போது எழுத்தில் கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள் மகன். அடித்ததற்கு, அதைவிட, நீ கேட்ட கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லாததற்கு. உன் மீது தப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தப்புக்கு வழி காட்டியவன் உன்னை விசாரிக்கிற இடத்தில் இருந்திருக்கக் கூடாது.

நீ சிகரட்டை விட்டுவிட்டாய் என்பது உன் இருபத்திரண்டாவது வயதில் எனக்குத் தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை, குடிக்கிறவனுக்குத் தெரியாதா. உன் சட்டையில் மணம் இல்லை, கை சும்மா இருந்தது. எனக்கு உன் மேல் பொறாமை வந்தது, சிரிக்காதே, மகனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற வாப்பா. எப்படி விட்டாய் என்று கேட்க வெட்கம். கடைசியில் நீ பாங்கு சொல்லக் கேட்ட அந்தக் கிழமையில்தான் கேட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் நகராமல் நின்றது. உன் கார், நீ ஓட்டுகிறாய், எனக்கு ஓடித் தப்பவும் இடமில்லை. எப்படி மகன் விட்டீங்க என்று கேட்டேன். நீ முன்னால் நின்ற லொறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “நான் விடவே இல்ல வாப்பா. சுபஹ்ல இருந்து லுஹர் வரைக்கும் மட்டும் குடிக்கல்ல. லுஹர் தொழுதிட்டு, அஸர் வரைக்கும் பாப்பம் எண்டு ஈந்தேன். அப்படியேதான் இன்னும் ஈக்கிறேன்.” வாழ்நாள் முழுக்க விடுகிறேன் என்று நீ நிய்யத் வைக்கவில்லையாம், அதை நினைத்தாலே பயத்தில் ஒன்று பற்றவைக்கத் தோன்றுமாம். ஒரு தொழுகையிலிருந்து அடுத்த தொழுகை வரைக்கும். அந்த இடைவெளியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாயாம். சுப்ஹானல்லாஹ். ஐம்பது வருடமாக நானும் ஐந்து நேரம் தொழுகிறேன், அது ஏறிப் போகிற படி என்று ஒருநாளும் தோன்றவில்லை. முன்னால் நின்ற லொறி நகர்ந்து போய், பின்னால் ஹோன் அடித்த பிறகுதான் நீ காரை எடுத்தாய்.

அடுத்த நாள் சுபஹிலிருந்து நானும் உன்னிடம் சொல்லிவிட்டே தொடங்கினேன். முதல் கிழமை வீட்டில் மனுசர் இருக்க முடியாது. சம்பலில் உப்புக் கூட என்று உம்மாவோடு சண்டை, குறைய என்று மறுநாள் சண்டை. அவ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்க சிகரட்ட விடுறீங்களா என்னய விடுறீங்களா என்று கேட்டா, அப்போதுதான் அவவுக்கு எல்லாம் எப்போதோ தெரியும் என்று எனக்குப் புரிந்தது. கடையில் செல்வத்திடம் என் லைட்டரைக் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்றேன். மறுநாள் பத்து மணிக்குக் கேட்டேன், தரவில்லை. பத்தரைக்குக் கோபமாகக் கேட்டேன். தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், எதற்கும் அசையமாட்டான். “நேத்து முதலாளி தராதேன்னு சொன்னாரு, அவரு பேச்சத்தான் கேப்பேன்” என்றான். எனக்கு வந்த கோபத்தில் வுழுச் செய்யப் போனேன். அதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது வழி. மூன்று தரம் வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் விட்டு, முகம் கழுவி முடிக்கிறபோது அந்த ஆசை பாதி இறங்கிவிடுகிறது. மிஞ்சிய பாதிக்கு இரண்டு ரக்அத். அந்த ஒரு மாதத்தில் நான் தொழுத அளவு நஃபில், உபரித் தொழுகை, என் வாழ்நாளில் தொழுதிருக்க மாட்டேன், செல்வம் என்னை அவ்லியா ஆகப் போறீங்க போல என்று கேலி பண்ணினான். பிளேன்டீ குடிக்கிற கடையையும் மாற்றினேன். பழைய கடையில் உட்கார்ந்து எழும்பினால் கால் தானாக ஓடைப் பக்கம் போகிறது, அந்தக் கதிரைக்கே பழக்கம் இருக்கிறது.

மிஸ்வாக்கை மட்டும் நாற்பது நாள் தொடவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பள்ளியில் என்ன நானா குச்சியைக் காணோம் என்று கேட்டார்கள், சும்மா சிரித்தேன். நாற்பத்தோராவது நாள் லுஹருக்குப் போகும் முன் எடுத்துக் கடித்தேன். மகன், அதற்கு ஒரு ருசி இருக்கிறது. உறைப்பு, கொஞ்சம் கடுகு மாதிரி, கொஞ்சம் மண் வாசனை. இருபது முப்பது வருடம் வாயில் வைத்துச் சுற்றியவன் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை ருசித்தேன். நடுவீதியில் நின்று சிரித்துவிட்டேன், ஒரு வேன்காரன் மாத்தயா விலகுங்கள் என்று சிங்களத்தில் கத்துகிறான். அன்றைக்கு உம்மா ஆக்கிய சோற்றில் ஏலக்காய் மணந்தது, கடையில் கம்மும் ஸ்பொஞ்சும் மணந்தது, மழைக்கு முன்னால் காற்று மணந்தது. ஹராமை விட்டால் மறுமையில் கிடைக்கும் என்றுதான் கேட்டிருக்கிறேன், மத்தியானச் சாப்பாட்டிலேயே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இதை உனக்கு உடனே போன் பண்ணிச் சொல்லத் துடித்தேன். நீ வேலையில் இருப்பாய் என்று விட்டேன்.

இப்போது கஷ்டமான இடம். எழுபத்தோராவது நாள் கலகெதரவுக்கு ஒரு பஸ்ஸுக்கு சீட் பூட்டப் போனோம், நானும் செல்வமும். வேலை நன்றாக முடிந்தது, பஸ் முதலாளிக்கு ஒரே சந்தோசம். பிளேன்டீ வந்தது, கூடவே ஒரு சிகரட் பெட்டியை நீட்டினார். கோபம் இல்லை, கவலை இல்லை, கை நடுங்கவும் இல்லை. அந்த நேரம் உள்ளே ஒரு குரல் பேசியது. எழுபது நாள் தாண்டிவிட்டாய், நீ ஜெயித்தவன், ஜெயித்தவனுக்கு ஒன்று குடித்தால் என்ன. கவலையில் வந்த ஆசையை எல்லாம் அடக்கிய எனக்கு, பாராட்டிக்கொண்டு வந்த ஆசையை அடையாளம் தெரியவில்லை. எடுத்தேன், முழுசாகக் குடித்தேன். முடித்ததும் என் கை என்ன செய்தது தெரியுமா, என்னைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போய் மிஸ்வாக்கைத் தேடியது. பஸ்ஸின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, ஒன்று குடிச்சது ஒன்றோடு போகட்டும், ரெண்டாவதைக் குடிச்சாத்தான் பழையபடி ஆவீங்க என்று சொல்லிவிட்டு என் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அஸருக்கு அங்கேயே பள்ளியைத் தேடிப் போய்த் தொழுதேன். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்தேன். மஃரிப் வரைக்கும் என்று மறுபடியும் தொடங்கினேன். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ எப்படி வாப்பா போகுது என்று கேட்டாய், நான் நன்றாகப் போகுது மகன் என்றேன். உன் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. சிகரட்டை விடுவதில் பாதிக் கஷ்டம்கூட இதில் இருக்காது என்று நினைத்தேன், இதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. வாயை மறைக்க முதலில் ஒரு குச்சி வைத்திருந்தேன், இப்போது எழுபது நாளை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறக்கும். நீ அதைத் தொழச் சொல்வாய், ஓதச் சொல்வாய், எல்லா வாப்பாமாரும் சொல்வதுதான். அது உன் சொல்லைவிட உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், நீ என் கையைப் பார்த்த மாதிரி. அதற்காக நீ விழாத மனுசனாக இருக்க வேண்டியதில்லை, அப்படி ஒருவர் நம்ம குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. விழுந்தால் அடுத்த பாங்குக்குள் எழும்பு. கொஞ்சமாகச் செய், விடாமல் செய், கொஞ்சமானாலும் தொடர்ந்து செய்கிற அமல்தான் அல்லாஹ்வுக்குப் பிரியம் என்று பயானில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். பிள்ளை உன்னைக் கையும் களவுமாகப் பிடித்து ஒரு கேள்வி கேட்டால், ஆம் என்று சொல்லிவிடு. கை ஓங்காதே.

ஆக, நாளைக்கு நான் வருவேன், ஆனால் இந்தக் கடிதத்தை முதலில் உன் கையில் தருவேன், நீ படித்த பிறகு பாங்கை யார் சொல்வது என்று நீயே முடிவு செய் என்று எழுத நினைத்து, பேனையை இந்த இடத்தில் வைத்தேன். மகன், அந்த நேரம்தான் உன் போன் வந்தது.

இப்போது நான் எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அவசரத்தில் எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மருமகளுக்கு இன்றைக்கே வலி எடுத்து, அவசரமாக உள்ளே கொண்டு போய், லுஹருக்குப் பிறகு பிள்ளை பிறந்துவிட்டதாம். மகளாம். தாயும் பிள்ளையும் சுகமாம். நான் அல்லாஹு அக்பர் என்று போட்ட சத்தத்தில் செல்வம் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டான். நீ சிரித்துக்கொண்டே, இன்னும் ஒருவரையும் பாங்கு சொல்ல விடவில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன், உடனே வாங்க என்றாய். அந்தச் சந்தோசத்திலேயே பேசாமல் வந்திருக்கலாம். வந்து, ஓதி, கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். உள்ளே அதே குரல் அதைத்தான் சொன்னது, நல்ல நாளில் எதற்கு இந்தப் பேச்சு என்று. அதனால்தான் உடனே சொன்னேன். “மகன், கலகெதரயில வெச்சு நான் ஒண்டு குடிச்சிட்டேன். உங்ககிட்ட பொய் செல்லிட்டேன். பாங்க நீங்களே செல்லுங்க.”

ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். போன் கட்டாகிவிட்டது என்றுகூட நினைத்தேன். பிறகு உன் குரல் வந்தது, பதினாறு வயதில் கேட்ட அதே குரல்: “நானும்தான் வாப்பா. இவள வார்ட்டுக்கு ஏத்தின அண்டைக்கி. பயத்துல. ஏழு வருசத்துக்குப் பொறகு. ஒருத்தர்கிட்டயும் செல்லல்ல.” நீ அழுதாய். நான் என் பழைய கோபத்துக்காகக் காத்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், அது எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. அன்றைக்கு ஓடையோரம் சொல்லியிருக்க வேண்டிய பேச்சுத்தான் வந்தது. “ஓம் மகன், எனக்கும் அப்படித்தான். அழாதீங்க. வுழுச் செஞ்சிட்டு நில்லுங்க, நானும் செஞ்சிட்டு வாறேன். வலது காதுல நான் பாங்கு செல்றேன். இடது காதுல இகாமத் ஈக்கிதானே, அத நீங்க செல்லுங்க.”

வேன் வந்துவிட்டது. உம்மா ஏறி உட்கார்ந்து என்னைப் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிடுகிறா, செல்வமும் கடையைப் பூட்டிக்கொண்டு வருகிறானாம். நான் வந்ததும் இந்தக் கடிதத்தைத் தருகிறேன், ஆறுதலாகப் படி. முதலில் பிள்ளையை என் கையில் தா.